கமல் வருவதற்குள் போய்விட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கோவில்பட்டிக்காரன். வயது 71. பதினேழு வயதில் பக்கத்துக் கிராமத்து டூரிங் டாக்கீஸில் ரீல் சுற்றிக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தேன். பிறகு ஊருக்குள் ஒரு தியேட்டரில் ஆபரேட்டர். டிஜிட்டல் வந்து பிலிம் பெட்டி வருவது நின்றுபோகும் வரை, ஏறக்குறைய நாற்பது வருடம், என் சாயங்காலங்கள் எல்லாம் புரஜெக்டருக்குப் பக்கத்தில்தான் கழிந்தன. படம் தொடங்கும்போது சனங்கள் எப்படி இருப்பார்கள், பத்து நிமிடம் கழித்து எப்படி ஆகிவிடுகிறார்கள் என்பதைக் கேபின் சுவரில் உள்ள சின்னக் கண்ணாடி வழியாக நாள் தவறாமல் பார்த்தவன் நான். அங்கிருந்து முகம் தெரியாது. பின்னந்தலைகள்தான் தெரியும். ஆனால் தலைகளே போதும். கதை பிடித்துக்கொண்டதா இல்லையா என்று சொல்லிவிடும்.

‘நாயகன்’ படம் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது, மதுரையில் படிக்கும் என் பேத்தியை அழைத்துக்கொண்டு அங்கே ஒரு தியேட்டருக்குப் போனேன். அவள் பிறப்பதற்குப் பல வருடம் முன்னால் வந்த படம். செல்போனில் துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறாள், முழுதாகப் பார்த்ததில்லை. 1987 தீபாவளிக்கு வந்த அந்தப் படத்தை எங்கள் ஊரில் ஓட்டியவன் நான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

டிக்கெட்டில் 6.30 என்று போட்டிருந்தது. 6.20-க்கே உட்கார்ந்துவிட்டோம். நகைக்கடை, ஜவுளிக்கடை, அடுக்குமாடி வீடு, வரப்போகிற படங்கள், புகையிலை எச்சரிக்கை என்று ஒவ்வொன்றாக வந்து படம் தொடங்கியபோது என் கைக்கடிகாரத்தில் 6.48. அப்போது அரங்கில் பாதிக்கு மேல் காலி. தொடங்கிய பிறகுதான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். செல்போன் வெளிச்சத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, இருக்கை எண்ணைத் தேடிக்கொண்டு, எங்கள் முழங்கால்களைத் தாண்டிக்கொண்டு வந்தார்கள். பேத்தி இரண்டு முறை எழுந்து வழிவிட்டாள். திரையில் போலீஸ்காரர்கள் ஒரு சிறுவனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். திரைக்குக் குறுக்கே ஒரு பாப்கார்ன் வாளி போகிறது.

சிறுவன் ஊரை விட்டு ஓடி பம்பாய்க்கு வந்த பிறகு ஒரு குடும்பம் வந்து எங்கள் வரிசையில் உட்கார்ந்தது. அந்தக் குடும்பத் தலைவர் என் பக்கம் சாய்ந்து, மரியாதையாகத்தான், “ஐயா, கமல் வந்துவிட்டாரா?” என்று கேட்டார். “இன்னும் இல்லை” என்றேன். அவர் மனைவி பக்கம் திரும்பி, “அப்படியென்றால் ஒன்றும் போகவில்லை” என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

அந்தச் சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இப்போது எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கதாநாயகன் முகம் தெரிந்தால்தான் படம் தொடங்கியதாகக் கணக்கு. அதற்கு முன்னால் வருவதெல்லாம் இடம் பிடித்து உட்கார்வதற்கான நேரம். ஆனால் அவர் வருவதற்குள் என்ன போய்விட்டது என்று எனக்குத் தெரியும். அதை எத்தனையோ காட்சிகளில் என் கையாலேயே ஓட்டியிருக்கிறேன்.

தூத்துக்குடியில் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் போலீஸுக்குத் தலைமறைவாக இருக்கிறார். எங்கள் மாவட்டம் என்பதால் அந்தக் காட்சி வரும்போது எங்கள் ஊர் அரங்கில் ஒரு முணுமுணுப்பு எழும். அவருடைய மகனைப் போலீஸார் பிடித்து வைத்துவிட்டு, பிறகு விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டார்கள் என்றுதான் பையனும் நினைக்கிறான், நாமும் நினைக்கிறோம். அவன் அப்பா இருக்கும் இடத்துக்கு ஓடுகிறான். போலீஸ் அவன் பின்னாலேயே வருகிறது. பையனின் கண் முன்னால் அப்பா சுடப்படுகிறார். தன் காலடித் தடமே தகப்பனைக் காட்டிக் கொடுத்துவிட்டது என்பது அந்தப் பிள்ளைக்குப் புரிகிறது. அந்தப் போலீஸ்காரரைக் குத்திக் கொன்றுவிட்டு ஊரை விட்டு ஓடுகிறான்.

இதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகின்றன. அந்தச் சில நிமிடங்களில் நமக்கு எத்தனை தெரிந்துவிடுகிறது பாருங்கள். இந்த மனிதன் வாழ்நாள் முழுக்க ஏன் போலீஸை நம்ப மாட்டான், சட்டம் என்ற சொல் அவன் காதில் எப்படி விழும், ஏழைக்கு ஒன்று என்றால் ஏன் முன்னால் போய் நிற்பான் என்று எல்லாம் விதைத்தாகிவிட்டது. யாரும் நின்று விளக்கம் சொல்லவில்லை. பிறகு கடைசிக் காட்சிக்கு வாருங்கள். அந்தப் பையன் வளர்ந்து பெரிய மனிதரான வேலு நாயக்கரைச் சுடுவது யார்? பம்பாயில் அவர் கொன்ற இன்னொரு போலீஸ் அதிகாரியின் மகன். தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை ஒருவன் முதலில் கத்தி எடுத்தான். தகப்பனைப் பறிகொடுத்த இன்னொரு பிள்ளை கடைசியில் துப்பாக்கி எடுக்கிறான். முதலில் பிள்ளையாக நின்றவர் கடைசியில் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறார். பேரன் அவரிடம் நல்லவரா கெட்டவரா என்று கேட்கும் கேள்வி தமிழ்நாட்டுக்கே மனப்பாடம். அந்தக் கேள்விக்கு ஏன் பதில் சொல்ல முடியவில்லை என்பது, முதல் சில நிமிடங்களைப் பார்த்தவருக்குத்தான் நெஞ்சில் தைக்கும். மற்றவருக்கு அது நல்ல வசனம், அவ்வளவுதான்.

ஆபரேட்டர் வேலையில் ஒரு வசதி உண்டு. காட்சி முடிந்ததும் கடைசி ரீலைத் திருப்பிச் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, அடுத்த காட்சிக்காக முதல் ரீலை எடுத்து மாட்டுவோம். முடிவும் தொடக்கமும் ஒரே கையில் வந்து போகும். படம் பார்க்க வந்தவருக்கு இரண்டுக்கும் நடுவே இரண்டரை மணி நேரம். எனக்கு ஐந்து நிமிடம். அதனால்தானோ என்னவோ, நன்றாகக் கட்டிய படங்களில் கடைசி ரீலின் பூட்டுக்குச் சாவி முதல் ரீலில் இருப்பது எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது.

நான் இதை முதலில் கற்றது பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ படத்தில். 1977-ல் வந்த படம். எங்கள் டூரிங் கொட்டகைக்குப் பெட்டி வந்தபோது பல ஊர் பார்த்துவிட்டு, கீறல் விழுந்து வந்தது. படம் ரயில் நிலையத்தில் தொடங்கும். கதாநாயகி மயில் யாருக்காகவோ காத்துக்கொண்டு நிற்பாள். யாருக்காக, எத்தனை நாளாக என்று ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அங்கிருந்து கதை பின்னோக்கிப் போகும். கிராமம், பள்ளிக்கூடம், சப்பாணி, பரட்டை எல்லாம் வந்து, எல்லாம் முடிந்து, கடைசியில் அதே ரயில் நிலையம். அப்போதுதான் அவள் காத்திருப்பது சிறைக்குப் போன சப்பாணிக்காக என்று நாம் சேர்த்துப் பார்க்கிறோம்.

அந்தக் கொட்டகையில் நான் கவனித்த விஷயம் இது. கடைசியில் ரயில் நிலையம் வந்ததும் ஒரு கூட்டம் எழுந்து துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிடும். இன்னொரு கூட்டம் மணலைவிட்டு எழாது. இரண்டு மூன்று நாள் எனக்குப் புரியவில்லை. பிறகு டிக்கெட் கிழிக்கிற அண்ணனிடம் கேட்டுப் பார்த்தேன். எழுந்து போகிறவர்களில் பெரும்பாலானோர் ஆட்டை அடைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் தாமதமாக வந்தவர்கள். முதல் ரயில் நிலையத்தை அவர்கள் பார்க்கவே இல்லை. அவர்களுக்கு அது கதை முடிந்த பிறகு வரும் ஒரு ரயில். முதலில் இருந்து பார்த்தவர்களுக்கு, நெஞ்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேலாக வைத்திருந்த கேள்விக்கு வந்த பதில். ஒரே படம், ஒரே மணல், ஒரே ராத்திரி. இரண்டு கூட்டமும் இரண்டு வேறு படங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயின.

இன்னொரு விவரமும் சொல்ல வேண்டும், இதை அறிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறோம். ஆயிரம் அடி ஒரு ரீல். நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஒரு ரீலுக்குச் சுமார் 11 நிமிடம். ஓர் அடியில் 16 சட்டங்கள், அதாவது தனித்தனிப் படங்கள். பேசும் படம் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ரீலில் அதிகம் அடிபடுவது அதன் தலையும் வாலும்தான். ஒவ்வொரு காட்சிக்கும் மெஷினில் மாட்டும்போது அந்த இடம் கையில் படும், தரையில் படும், பல்சக்கரத்தில் கிழியும். கிழிந்ததை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுவோம். ஒரு முறை ஓர் அடி போனால் முக்கால் நொடிக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும். நூறு ஊர் சுற்றிவிட்டு எங்களிடம் வரும்போது படத்தின் தொடக்கத்தில் எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். மயில் நிற்கும் அந்த முதல் காட்சியும் எங்களுக்கு அரைகுறையாகத்தான் வந்தது. வெட்டிய துண்டுகளைப் பையன்கள் கேட்டு வாங்கிப் போய் லென்ஸ் வைத்து வெயிலில் சுவரில் காட்டி விளையாடுவார்கள். நடு ரீல் துண்டு என்றால் கொடுத்துவிடுவேன். முதல் ரீல் துண்டை மட்டும் கொடுக்க மாட்டேன். நான்கு சட்டம் மிஞ்சினாலும் சேர்த்து ஒட்டிவிடுவேன். முதலாளி அதற்காகத் திட்டியிருக்கிறார், ஒட்டுகள் கூடினால் ஓட்டத்தில் அறுந்துவிடும் என்று. அறுந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்குத் தொடக்கம் பிலிம் தேய்ந்து போனது. இன்றைக்குப் பிரிண்ட் பளிங்கு மாதிரி இருக்கிறது. ஒரு சட்டம்கூடக் குறைவதில்லை. பார்க்கத்தான் ஆள் இல்லை.

தொடக்கக் காட்சி செய்கிற வேலை கதை சொல்வது மட்டும் இல்லை. இந்தப் படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அது நமக்குப் பழக்கிக் கொடுக்கிறது. இங்கே வேகமாகப் பேசுவார்களா, மெல்லப் பேசுவார்களா. முகத்தைப் பார்க்க வேண்டுமா, ஓரத்தில் நிற்கும் பொருளைப் பார்க்க வேண்டுமா. சிரிக்கலாமா, கூடாதா என்றெல்லாம் முதல் ரீலிலேயே கண்ணும் காதும் ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. இருட்டுக்குக் கண் பழகவே சில நிமிடம் வேண்டும். காதும் அப்படித்தான். முதல் ரீலுக்கு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஒரு புள்ளி கூட்டி வைப்பேன். சனம் அடங்கியதும் பழைய இடத்துக்கு இறக்குவேன். நல்ல தொடக்கம் உள்ள படத்தில் மூன்றாவது நிமிடமே இறக்கிவிடலாம். சில படங்களுக்கு இடைவேளை வரை இறக்க முடியாது.

எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ 1954-ல் வந்தது. அதன் பழைய பிரிண்ட் ஒன்று என் ஆரம்ப நாட்களில் எங்கள் கொட்டகைக்கு வந்தது. ஒரு துப்பாக்கிச் சத்தம். சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். கதாநாயகன் எழுந்து வந்து இரண்டு பாட்டுப் பாடுவான் என்று உட்கார்ந்திருந்த சனத்துக்கு முன்னால், படம் தொடங்கியதும் கதாநாயகன் பிணம். ஜப்பான்காரன் சென்னைமேல் குண்டு போட்ட 1943-ஆம் வருடத்து நாட்களில் கதை நடக்கிறது என்பதும் அங்கேயே வந்துவிடுகிறது. யார் சுட்டார்கள் என்று ஒவ்வொருவராக ஒரு கதை சொல்வதைப் பிறகு நாம் கேட்க வேண்டும். படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. பாட்டு இல்லாத படத்தை எங்கள் கரிசல் காட்டுச் சனம் பொறுத்துக்கொள்ளுமா என்று முதலாளிக்குப் பயம். சனம் பொறுத்துக்கொண்டது. எல்லாக் காட்சியிலும் இல்லை. முதல் சத்தம் கேட்டபோது உள்ளே இருந்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அந்தச் சத்தத்தைத் தவறவிட்டு வந்தவர்கள் “பாட்டு எப்போது வரும்” என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பெரிய நடிகர்களின் படங்களை நான் குறை சொல்லவில்லை. 1992-ல் ‘அண்ணாமலை’ வந்தபோது சூப்பர் ஸ்டார் என்ற எழுத்து ஒவ்வொன்றாகத் திரையில் விழுந்து, பிறகு ரஜினி பெயர் வந்ததே, அன்றைக்குக் கேபின் சுவர் அதிர்ந்தது. காகிதத் துண்டுகள் பறந்து புரஜெக்டர் வெளிச்சத்தில் பூச்சி மாதிரி மின்னின. அதுவும் தொடக்கம்தான். இது திருவிழா, வா என்று சனத்துக்குச் சொல்லிவிடுகிற தொடக்கம். அந்த ஆரவாரத்தில் வசனம் ஒன்றும் கேட்காது என்று தெரிந்த இயக்குநர்கள் முதல் சில நிமிடங்களில் முக்கியமான பேச்சு எதையும் வைக்க மாட்டார்கள். அது ஒரு தொழில் அறிவு. எனக்கு வருத்தம் வேறு. அந்த ஒரு வகைப் படத்தைப் பார்த்துப் பழகி, எல்லாப் படத்துக்கும் அதே அளவுகோலை வைத்து, நடிகர் வரும் வரை ஒன்றும் இல்லை என்று நாம் முடிவு கட்டிவிட்டோமே என்பதுதான்.

2018-ல் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ வந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். டிக்கெட் வாங்கிச் சாதாரண ஆளாகப் போய் உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்து மண். வேட்டைக்குப் போன இளைஞர்கள் நாய்களைக் குட்டையில் குளிப்பாட்டிக்கொண்டு இருக்கிறார்கள். வேறு சாதிக்காரர்கள் வருகிறார்கள். வம்பு வேண்டாம் என்று இவர்கள் எழுந்து போகிறார்கள். வந்தவர்களில் ஒருவன் அந்தக் குட்டையில் சிறுநீர் கழிக்கிறான். அவ்வளவுதான் நடக்கிறது. அடி இல்லை, உதை இல்லை. இந்த ஊரில் தண்ணீர் யாருடையது, யார் எழ வேண்டும், யார் நிற்கலாம் என்பது முழுக்கத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கருப்பி என்ற அந்த நாயைத் தண்டவாளத்தில் கட்டிப் போட்டு ரயிலுக்குப் பலி கொடுத்துவிடுகிறார்கள். செய்தவன் முகத்தைக்கூட நமக்குக் காட்டுவதில்லை.

அரங்கில் என் முன்னால் இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை செல்போனில் ஏதோ காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள், ரயில் வரும்போது போனைத் தொடையின்மேல் கவிழ்த்து வைத்தார்கள். படம் முடியும் வரை அது கவிழ்ந்தேதான் கிடந்தது. படத்தின் முடிவுக்குப் பக்கத்தில் கதாநாயகன் பரியனையே தண்டவாளத்தில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். செத்துப்போன கருப்பி அவன் கண்ணுக்குத் தோன்றி அவனை எழுப்புகிறாள். முதலில் அந்தத் தண்டவாளத்தைப் பார்க்காதவருக்கு இது எங்கிருந்தோ வந்த ஒரு நாய். பார்த்தவருக்கு அப்படி இல்லை. என் முன்னால் இருந்த அந்த இரண்டு பேரில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

சின்னப் படங்களிலும் இது உண்டு. மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ குடிசைக்குள் தூங்கும் சிறுவன் ஒருவன் படுக்கையை நனைத்துவிட்டு விழித்துக்கொள்வதில் தொடங்குகிறது. பேச்சே கிடையாது. அத்தனை பேர் படுத்திருக்கும் அந்த வீட்டின் அளவும், அந்தப் பிள்ளையின் வெட்கமும் சமர்த்தும் நமக்கு வந்துவிடுகின்றன. சசிகுமாரின் ‘சுப்ரமணியபுரம்’ சிறையிலிருந்து வெளியே வந்த ஒருவரை வாசலிலேயே குத்துவதில் தொடங்கி 1980-க்குப் போகிறது. குத்துப்பட்டது யார், குத்தியது எதற்கு என்று கடைசி வரை நாம் மனதுக்குள் தேடிக்கொண்டே இருக்கிறோம்.

இதை அறிந்தவர்கள் வெளிநாட்டிலும் இருந்தார்கள். 1960-ல் ஹாலிவுட் இயக்குநர் ஹிட்ச்காக் ‘சைக்கோ’ படத்தை வெளியிட்டபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று தியேட்டர்களுக்கு நிபந்தனை போட்டார். அமெரிக்காவில் அப்போதெல்லாம் சனம் நினைத்த நேரத்தில் உள்ளே போய், நினைத்த நேரத்தில் வெளியே வருமாம். நடிகை ஜேனட் லீயைப் பார்க்க வந்தவர் பாதியில் வந்தால் அவர் படத்தில் இருக்கவே மாட்டார், அதற்குள் கொல்லப்பட்டிருப்பார். சனம் வாசலில் வரிசையில் நின்று காத்திருந்து பார்த்தது. படத்துக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் வரவில்லை.

நம் சனம் ஏன் தாமதமாக வருகிறது என்பதற்கு, அக்கறை இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம். எனக்குத் தெரிந்த காரணங்களைச் சொல்கிறேன். முன்பு இருக்கைக்கு எண் கிடையாது. முதலில் வந்தவருக்கு நல்ல இடம். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து வரிசையில் நிற்பார்கள். உள்ளே வந்து, சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாட்டு முடிந்து, அரசாங்க நியூஸ் ரீல் ஓடும். அது ஓடும்போது ஆண்கள் வெளியே பீடி பிடித்துக்கொண்டு நிற்பது உண்டு. பிறகு இரண்டாவது மணி அடிப்போம். எல்லோரும் பீடியை எறிந்துவிட்டு உள்ளே ஓடி வருவார்கள். சென்சார் சான்றிதழ் திரையில் விழும். அதில் போட்டிருக்கும் ரீல் எண்ணிக்கையைப் பையன்கள் சத்தமாகப் படிப்பார்கள், “பதினாறு ரீல்!” என்று. அந்தச் சத்தம் அடங்கும் இடத்தில் படம் தொடங்கும். அதாவது, விளம்பரம் வேறு, படம் வேறு என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் ஒரு மணி இருந்தது.

இன்று இருக்கைக்கு எண் உண்டு, வீட்டிலிருந்தே பிடித்துவிடலாம். அவசரம் இல்லை. டிக்கெட்டில் 6.30 என்று போட்டு 6.48-க்குப் படம் போட்டால், அடுத்த முறை அவர் 6.48-க்கு வருவார். அன்றைக்கு 6.40-க்கே தொடங்கிவிட்டால் எட்டு நிமிடம் போய்விடும். எந்த நேரம் மெய், எந்த நேரம் பொய் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பெங்களூரில் இப்படி விளம்பரத்தால் நேரம் போனது என்று ஒருவர் வழக்குப் போட்டார். டிக்கெட்டில் படம் தொடங்கும் உண்மையான நேரத்தையே போட வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் அங்குள்ள நுகர்வோர் ஆணையம் சொன்னது. பிறகு கர்நாடக உயர் நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்துவிட்டது. நான் கோர்ட்டுக்குப் போகச் சொல்லவில்லை. விளம்பரம் இல்லாமல் தியேட்டர் நடத்த முடியாது என்பது அங்கே சம்பளம் வாங்கிய எனக்குத் தெரியும். விளம்பரத்தைத் தாராளமாகப் போடட்டும். படம் இத்தனை மணிக்கு என்று தனியாக ஒரு நேரத்தையும் போடட்டும். அதற்கு முன்னால் ஒரு மணி அடிக்கட்டும்.

அதன் பிறகும் தாமதமாக வருகிறவரை நிறுத்தி வைக்க முடியாது. குழந்தை குட்டியோடு வருவார்கள், பஸ் கிடைத்திருக்காது. முதல் காட்சி முடியும் வரை வாசலுக்குப் பக்கத்தில் ஓர் ஓரமாக நிற்கச் சொல்லலாம். டார்ச் அடித்து இடம் காட்டுகிற பையன் ஒருவனை மறுபடி வேலைக்கு வைக்கலாம். எங்கள் தியேட்டரில் டார்ச் கண்ணாடிமேல் சிவப்புக் காகிதம் ஒட்டியிருப்போம். வெளிச்சம் தரையில் மட்டும் விழும். பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படாது. செல்போன் விளக்கு அப்படி இல்லை, வரிசை முழுக்க அடிக்கிறது. இருட்டுக்குப் பழகிய கண் அந்த ஒரு வெளிச்சத்தில் பழைய நிலைக்குப் போய்விடுகிறது. மறுபடி பழகுவதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுகிறார்.

படங்களுக்கு விமர்சனம் எழுதுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். முதல் அரை மணி நேரம் மெதுவாகப் போகிறது, அதன் பிறகு சூடு பிடிக்கிறது என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். சில படங்களில் அது உண்மைதான். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் படம் எதை ஊன்றி வைத்தது, பிற்பாடு அதை அறுவடை செய்ததா இல்லையா என்றும் இரண்டு வரி எழுதுங்கள். ஊன்றியது வீண் என்றால் வீண் என்று எழுதுங்கள். அதைப் படித்தால் வாசகர் முதல் காட்சியை உற்றுப் பார்க்கப் பழகுவார்.

அன்று மதுரையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது பேத்தி கேட்டாள், “தாத்தா, அந்தப் போலீஸ்காரரை அவன் குத்தினானா? எனக்கு முன்னால் ஆள் நின்றுகொண்டு இருந்தார், தெரியவில்லை” என்று. கையில் டிக்கெட் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் முன்னாலேயே வந்து உட்கார்ந்த பெண். சாத்தூர் தாண்டும் வரை அந்த முதல் ரீலை அவளுக்கு வாயால் ஓட்டிக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் சுட்ட பையனைப் பற்றி அவளாகவே யோசித்து, “அப்படியானால் இரண்டு பேரும் ஒன்றுதானா?” என்றாள். திரை அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதைப் பஸ்ஸில் கிழவன் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆகவே ஆசிரியர் அவர்களே, நான் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். உங்கள் நாளிதழில் இன்றைய சினிமா என்று தியேட்டர் பெயரும் காட்சி நேரமும் வருகிற பகுதியில், காட்சி நேரத்துக்குப் பக்கத்தில் படம் தொடங்கும் நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள். எல்லா ஊருக்கும் உடனே முடியாது என்றால் எங்கள் ஊரிலிருந்து தொடங்குங்கள். தியேட்டர்காரர்கள் நேரம் சொல்லத் தயங்கினால், வெள்ளிக்கிழமைதோறும் முதல் காட்சிக்கு நானே போய்க் கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்து, அன்று மாலைக்குள் உங்கள் அலுவலகத்துக்கு எழுதி அனுப்பிவிடுகிறேன். அதற்குப் பணம் எதுவும் வேண்டாம். டிக்கெட்டையும் நானே எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சினிமா ஆபரேட்டர்,
கோவில்பட்டி.